வரிசையில் நின்ற பத்திரம்

யுவஸ்ரீ: அந்த ஒயர இந்தப் பக்கம் குடுண்ணா. அதில்ல... மூஞ்சி சதுரமா இருக்குது பாரு, அது.

கௌசிக்: இதா?

யுவஸ்ரீ: அதேதான். எந்த ஓட்டையில சொருகியிருந்த?

கௌசிக்: எது காலியா இருந்துச்சோ அதுல. ஏன், அதுக்கும் நல்ல நேரம் பாக்கோணுமா?

யுவஸ்ரீ: முன்னாடி இருக்கற ஓட்டை நோஞ்சான். பின்னாடி சொருகிப் பாக்கலாம்... ம். லைட்டு எரியுது. பிரிண்டரு உசுரோடதான் இருக்குது.

கௌசிக்: உசுரோட இல்லாம? முந்தாநேத்துத்தான் நாமக்கல்ல போயி வாங்கியாந்தேன். கடையில ஓட்டிக் காட்டுனாங்க, சரசரன்னு வந்துச்சு. ஊட்டுக்கு வந்ததுல இருந்து கல்லாட்ட உக்காந்திருக்குது.

யுவஸ்ரீ: கடையில ‘எங்க கம்ப்யூட்டர்ல லினக்ஸ் ஓடுது’ன்னு சொன்னியா?

கௌசிக்: எனக்கு அதெல்லாம் என்ன தெரியும்? நீ போட்டு உட்டது. அப்பா அதுல மழை வருமான்னு பாப்பாரு, முட்டை வெல பாப்பாரு. நான் அதுகிட்ட உக்காந்ததே அவரு போனதுக்கப்பறந்தான்.

யுவஸ்ரீ: மூணு மாசம் ஆயிருச்சு.

கௌசிக்: தொண்ணூத்தேழு நாளு.

யுவஸ்ரீ: எண்ணிக்கிட்டா இருக்கற?

கௌசிக்: அம்மா எண்ணுறாங்க. காத்தால எந்திரிச்சதும் காலண்டர்ல ஒரு கோடு. கேட்டா ஒண்ணுமில்லைங்கறாங்க... சரி, அத உடு. இது ஓடுமா ஓடாதா?

யுவஸ்ரீ: இரு, சாமி. வந்து பத்து நிமிசங்கூட ஆகல. தண்ணி குடிக்கறியான்னு ஒரு வார்த்த கேட்டியா?

கௌசிக்: அம்மா! யுவா வந்துருச்சு, தண்ணி கொண்டாங்க!

யுவஸ்ரீ: நல்லா கேட்ட போ. திருச்செங்கோட்டுல இருந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கேன். நான் வேல பாக்கற காலேஜ்ல லேப் பரீட்சை நடக்குது, அர நாளு லீவு சொல்லிட்டு. நாலு தடவ போன் பண்ணுனியே, அப்பிடி என்ன தலை போற அவசரம்?

கௌசிக்: நாளைக்குப் பத்தரைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல டோக்கன் போட்டிருக்குது அம்மிணி. அப்பா பேர்ல இருக்கற நாலு ஏக்கராக் காட்ட வாரிசுக பேருக்கு மாத்தோணுமில்ல? அந்தப் பேப்பருதான்.

யுவஸ்ரீ: பத்திரம் எழுதறவரே எடுத்துத் தர மாட்டாராமா?

கௌசிக்: காளியண்ணன்தான் எழுதுனாரு. நாளைக்கு முகூர்த்த நாளு, அவரு ஆபீஸ்ல நிக்க எடமில்ல. ‘போன்ல அனுப்பி உடறேன், ஊட்டுலயே எடுத்து, எல்லாப் பக்கமும் கையெழுத்து வாங்கிக் கொண்டாந்துருங்க’ன்னுட்டாரு.

யுவஸ்ரீ: மூலைக்கு மூலை ஜெராக்ஸ் கடை இருக்குது.

கௌசிக்: கடையில போயி நம்மூட்டுப் பத்திரத்த நீட்டச் சொல்றியா? எடுக்கறவன் படிப்பான். பொழுதோட டீக்கடை வரைக்கும் வந்துரும்.

யுவஸ்ரீ: அதுக்கோசரம் ஒரு மிஷினே வாங்கிட்ட.

கௌசிக்: கோழிப்பண்ணைக்கும் வேணும்ல. கோழி செட்டுப் போட்டுட்டா தெனைக்கும் பில்லு, தீவனக் கணக்கு...

யுவஸ்ரீ: செட்டுப் போடறது உறுதியா?

கௌசிக்: பேங்க்காரன் குடுத்தா உறுதி. பேப்பர் சரியா இருக்கோணும்கறான்.

யுவஸ்ரீ: மூணு பேரு பேர்லயும் மாறுமா, காடு?

கௌசிக்: ம்? ...மாறும், மாறும். அம்மா, நானு, நீயி. வாரிசு சர்டிபிகேட்ல எப்பிடி இருக்குதோ அப்பிடி.

யுவஸ்ரீ: நல்லதாப் போச்சு.

கௌசிக்: ஏன் அப்பிடிக் கேக்கற?

யுவஸ்ரீ: சும்மாதான். கட்டிக் குடுத்து ஆறு வருசமாச்சு. இன்னும் அங்க யாராச்சும் ‘எந்தூருங்க’ன்னு கேட்டா, கெணத்துமேட்டுக் காட்டுக்காரங்கன்னுதான் வாயில வருது. பட்டாவுல பேரு இருந்தா... இருக்கறது ஒரு தைரியம். அவ்வளவுதான். தள்ளு, கீபோர்ட இப்படி நவுத்து.

கௌசிக்: என்னமோ கறுப்பா வருது?

யுவஸ்ரீ: பயப்படாத, டெர்மினல். எந்தெந்த சாமான் மாட்டியிருக்குதுன்னு கேக்கறேன்... இந்தா, வந்துருச்சு பாரு. மவுசு, கீபோர்டு, இது பிரிண்டரு. கம்ப்யூட்டருக்கு இவன் வந்திருக்கறது தெரியுது. பேசத்தான் தெரியல.

கௌசிக்: எதுக்குத் தெரியல?

யுவஸ்ரீ: டிரைவர் இல்ல.

கௌசிக்: வண்டி வாங்குனா டிரைவரும் சேத்து வர வேண்டாமா? லாரிக்குப் பேர்போன நாமக்கல்ல போயி டிரைவர் இல்லைங்கறியே.

யுவஸ்ரீ: பெட்டியில ஒரு சிடி வந்திருக்கும், அதுல இருக்கற டிரைவர் விண்டோஸ் ரோட்டுல மட்டுந்தான் ஓட்டுவான். நம்ம ரோட்டுக்கு வேற ஆளு தேடோணும். நீ எப்பிடி வெச்சிருக்கற இங்க... ‘ஜெனரிக்’னு எல்லாத்துக்கும் பொதுவான ஒண்ணப் புடிச்சு வெச்சிருக்கற.

கௌசிக்: கேட்டுச்சு, அமுத்துனேன்.

யுவஸ்ரீ: கேக்கறதுக்கெல்லாம் அமுத்துவியா? இரு, டெஸ்ட் பேஜ் ஒண்ணு உட்டுப் பாக்கலாம்... ‘பில்டர் பெயில்டு’. ம். நெனச்சது சரிதான். கம்பெனி வெப்சைட்டுல இருந்து எறக்கோணும். உன் போன்ல நெட் பகிர்ந்து உடு.

கௌசிக்: என் போனா? ...உன் போன்ல இல்லையா?

யுவஸ்ரீ: இங்க வந்தா எனக்கு ஒரு கோடு கூட வர மாட்டேங்குது. ஏன், உன் போன்ல என்ன, தங்கமா வெச்சிருக்கற?

கௌசிக்: ஒண்ணுமில்ல, காளியண்ணன் ஏதாச்சும் மெசேஜ் அனுப்புவாரு... சரி, போட்டு உட்டுட்டேன். போனு எங்கிட்டயே இருக்கட்டும்.

யுவஸ்ரீ: உன்ற போனு எனக்கெதுக்கு? ...கெடைச்சுருச்சு. எறங்குது. சின்னதுதான்... ஆச்சு. இப்ப இன்ஸ்டால் பண்ணோணும்.

கௌசிக்: இங்கதான் அம்மிணி நான் நின்னு போனேன். பாஸ்வேர்ட் கேக்குது. அப்பா பொறந்த தேதி போட்டேன், வண்டி நம்பர் போட்டேன், உன்ற பேரப் போட்டேன், எம்பேரப் போட்டேன்...

யுவஸ்ரீ: அதுக்குத்தான் என்னையக் கூப்பிட்டியா?

கௌசிக்: அதுக்குமட்டுமில்ல... உனக்குத்தான் தெரியும்னு.

யுவஸ்ரீ: அப்பா வெச்சது. ‘மறக்காத மாதிரி ஒண்ணு சொல்லுங்கப்பா’ன்னேன். ‘கெணத்துமேடு’ன்னாரு, யோசிக்கவே இல்ல. பின்னாடி ஒரு நம்பர் வேணும்னேன். சர்வே நம்பர் போட்டுக்கன்னாரு.

கௌசிக்: அடிச்சியா?

யுவஸ்ரீ: அடிச்சேன். ...அட, இது சேராதாமா.

கௌசிக்: எது?

யுவஸ்ரீ: இந்த டிரைவரு அறுபத்துநாலு பிட்டுக்கு. நம்ம கம்ப்யூட்டரு பழசு, முப்பத்திரண்டு. அதுக்குத் தனியா ஒண்ணு இருக்கும். இரு தேடறேன்... இருக்குது. ஆனா கொஞ்சம் பெருசு, இந்த சிக்னலுக்கு அஞ்சாறு நிமிசமாகும்.

கௌசிக்: ஆகட்டும். வந்துருமில்ல?

யுவஸ்ரீ: வந்துரும். அதுக்குள்ள உன்ற வரிசைய சுத்தம் பண்ணீரலாம்.

கௌசிக்: எந்த வரிசை?

யுவஸ்ரீ: நீ எத்தன தடவ பிரிண்டு அமுத்துன?

கௌசிக்: ஒரு... ரெண்டு மூணு தடவ. வரல வரலன்னு.

யுவஸ்ரீ: ஒம்பது.

கௌசிக்: ஒம்பதா?

யுவஸ்ரீ: எல்லாம் உள்ள நின்னுக்கிட்டிருக்குது. டிரைவர் வந்த நிமிசம் அத்தனையும் மட மடன்னு வெளிய வரும். ஒம்பது பத்திரம். யார் யாருக்குக் குடுக்கறது?

கௌசிக்: அழிச்சுரு. எல்லாத்தையும் அழிச்சுரு அம்மிணி. தொறந்து பாக்க வேண்டாம், அப்பிடியே அழிச்சுரு. அப்பறம் நானே மறுக்கா அமுத்திக்கறேன்.

யுவஸ்ரீ: தொறக்காம எப்பிடி அழிக்கறது? வரிசையப் பாத்தாத்தான... 

கௌசிக்: என்ன அம்மிணி, நின்னுட்ட? ஏதாச்சும் போட்டிருக்குதா?

யுவஸ்ரீ: இல்ல.

கௌசிக்: பேரு கீரு தெரியுதா?

யுவஸ்ரீ: நம்பர்தான் இருக்குது. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. பேரு எதுவும் இல்ல.

கௌசிக்: நானும் பாக்கறேன், தள்ளு...

யுவஸ்ரீ: அழிச்சுட்டேண்ணா. போயிருச்சு.

கௌசிக்: எல்லாமா?

யுவஸ்ரீ: ம்.

சௌந்திரம்: கௌசிக்கு! டேய்! மோட்டார உட்டுட்டு இங்க வந்து உக்காந்துக்கிட்டியா? குச்சிக்கெழங்குக் காட்டுல தண்ணி பாஞ்சு ரோட்டுக்கு வழியுதுன்னு பக்கத்துக் காட்டுப் பொன்னன் போன் பண்றாரு. உனக்குப் பண்ணுனா எடுக்க மாட்டேங்கறியாமா.

கௌசிக்: அய்யோ... நெட்டு எறங்குதும்மா, அதான் போன்ல பேச முடியல. பொன்னனையே நிறுத்தச் சொல்லுங்க.

சௌந்திரம்: சாவி உங்கிட்டத்தான இருக்குது? கெழங்கு அழுகிப் போனா அப்பறம் உக்காந்து அழு.

கௌசிக்: இந்த நேரம் பாத்து... யுவா, நான் வர வரைக்கும் எதையும் பண்ண வேண்டாம்.

யுவஸ்ரீ: டிரைவர் போடறதா வேண்டாமா?

கௌசிக்: டிரைவர் போடு. வேறெதுவும் வேண்டாம். போன இங்க வெச்சுட்டுப் போறேன், எடுத்தா நெட்டு போயிரும்... போன் வந்தா எடுக்க வேண்டாம், நான் வந்து பேசிக்கறேன். பத்து நிமிசம்.

யுவஸ்ரீ: போயிட்டு வா.

சௌந்திரம்: ...போயிட்டான். இந்தா சாமி, தண்ணி. மோரு தரட்டா? மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துப் போச்சு? பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தியா?

யுவஸ்ரீ: உக்காருங்கம்மா.

சௌந்திரம்: அடுப்புல கொழம்பு இருக்குது. உனக்குன்னு நாட்டுக்கோழி...

யுவஸ்ரீ: சித்த உக்காருங்க. காலு எப்பிடி இருக்குது?

சௌந்திரம்: இருக்குது. அது எங்க போகுது... இது என்ன சத்தம்?

யுவஸ்ரீ: பிரிண்டருங்கம்மா. டிரைவர் ஏறிருச்சு. ஒண்ண மட்டும் அழிக்காம உட்டு வெச்சேன், அது வருது.

சௌந்திரம்: சரியாயிருச்சா? அப்ப அவனக் கூப்பிட்டுச் சொல்லட்டா?

யுவஸ்ரீ: வேண்டாம். ...ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. ஆறு பக்கம். உங்களுக்கு இது என்னன்னு தெரியுமா?

சௌந்திரம்: பட்டா மாத்தறதுன்னு...

யுவஸ்ரீ: அம்மா. வரிசையில பேரு போட்டிருந்துச்சுங்கம்மா. ஒம்பது தடவையும் அதே பேரு. ‘விடுதலைப் பத்திரம், சௌந்திரம், யுவஸ்ரீ’. உங்க பங்கும் எம்பங்கும் அவனுக்கு எழுதிக் குடுத்து நாம வெலகிக்கறோம். தெரியுமா தெரியாதா?

சௌந்திரம்: தெரியும் சாமி.

யுவஸ்ரீ: எப்பருந்து?

சௌந்திரம்: போன அமாவாசைக்கு முன்னாடி. ஒரே பேர்ல இருந்தாத்தான் லோனுன்னு பேங்க்ல சொல்லிட்டாங்களாமா. ராத்திரியெல்லாம் தூங்காம உக்காந்திருந்தான். ‘யுவாகிட்டக் கேளுடா, அது இல்லைங்காது’ன்னு நாஞ்சொன்னேன். நம்ம சாமி மேல சத்தியமாச் சொன்னேன். கேக்கறேன் கேக்கறேன்னான். அப்பறம் பாத்தா, ‘பட்டா மாத்தறதுன்னே சொல்லிக்கறேன், நீங்க வாயத் தொறக்காதீங்க’ன்னான்.

யுவஸ்ரீ: தொறக்கல நீங்க.

சௌந்திரம்: எப்பிடிச் சாமி தொறப்பேன்? உங்கப்பா போனதுக்கப்பறம் எனக்கு வட்டல்ல சோறு போடறவன் அவன். நாளைக்கு கீழ உழுந்தாலும் தூக்கறவன் அவன். நீ அங்க இருக்கற. மாசத்துக்கு ஒருக்கா வார. திட்டு சாமி. திட்டீரு.

யுவஸ்ரீ: உங்களத் திட்டி என்னங்கம்மா ஆகப் போகுது. உங்க பங்கையும் எழுதிக் குடுக்கறீங்களே, அது தெரியுமா உங்களுக்கு?

சௌந்திரம்: எனக்கெதுக்குப் பங்கு? இருக்கறவரைக்கும் ஒரு கட்டிலு.

யுவஸ்ரீ: அந்தக் கட்டிலப் போட எடம் வேணுமில்ல?

சௌந்திரம்: அவன் கெட்டவனில்ல யுவா. அப்பனாட்டத்தான். ஆனா அப்பனுக்கு இருந்த நெஞ்சு இல்ல. மாப்ள என்ன சொல்லுவாரோ, நீ வேண்டாம்னுட்டா என்ன பண்றதோன்னு பயந்து நடுங்கறான். அந்த செட்டுத்தான் அவனுக்கு எல்லாம். பத்து வருசமா தீவன லாரியில லோடு எறக்கியிருக்கான், உனக்குத் தெரியாததா?

யுவஸ்ரீ: தெரியும். என்ற கல்யாணத்தப்ப பந்தலுக்குக் குழி தோண்டி, கையெல்லாம் கொப்பளம், அந்தக் கையோடதான் எனக்கு மால எடுத்துக் குடுத்தான். எனக்கு எதுவும் மறக்கலீங்கம்மா. இந்த நாலு ஏக்கராவுல ஒரு புடி மண்ணுகூட நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். ‘அம்மிணி, எனக்கு இது வேணும், குடுத்துரு’ன்னு ஒரு வார்த்த. வாய்தொறந்து ஒரு வார்த்த கேட்டாப் போதும்.

சௌந்திரம்: அப்ப நாஞ் சொல்லிரட்டுமா அவங்கிட்ட? வந்ததும்?

யுவஸ்ரீ: நீங்க சொல்லக் கூடாது. அவனே சொல்லோணும். இன்னிக்குச் சொல்லுவான். பாருங்க, கண்டிப்பாச் சொல்லுவான்.

சௌந்திரம்: சொல்லலைன்னா?

யுவஸ்ரீ: அந்தச் சன்னல்ல பேனா இருக்குது, எடுங்க.

சௌந்திரம்: எதுக்கு?

யுவஸ்ரீ: குடுங்க. ...நீங்க போயி கொழம்ப எறக்கி வெச்சுட்டு வாங்க. வந்து இத வாங்கி உங்ககிட்டயே வெச்சுக்குங்க. நாஞ் சொல்ற வரைக்கும் அவங்கண்ணுல பட வேண்டாம்.

கௌசிக்: அப்பப்பா... மடை ஒடஞ்சு முழங்கால் வரைக்கும் சேறு. என்னாச்சு? ஏறுச்சா?

யுவஸ்ரீ: ஏறிருச்சு. காலக் கழுவிட்டு வாண்ணா, சேறோட நிக்கற.

கௌசிக்: காலு கெடக்குது. ஓடுதா?

யுவஸ்ரீ: பழைய ‘ஜெனரிக்’க எடுத்துட்டுப் புதுசா சேத்துட்டேன். அவ்வளவுதான். சொன்னாப் போடும்.

கௌசிக்: நீ ராசாத்தி. ...நீங்க ஏம்மா இங்க உக்காந்திருக்கீங்க?

சௌந்திரம்: ஏன், நான் உக்காரக் கூடாதா?

கௌசிக்: அதுக்கில்ல... ரெண்டு பேரும் ஏதோ பேசிக்கிட்டிருந்தாப்பல இருக்குது.

யுவஸ்ரீ: உன்னையப் பத்தித்தான் பேசிக்கிட்டிருந்தோம்.

கௌசிக்: என்னையப் பத்தி என்ன?

யுவஸ்ரீ: மாலை எடுத்துக் குடுத்தியே, அத. கையெல்லாம் கொப்பளத்தோட.

கௌசிக்: அது இப்ப எதுக்கு? ...நீ எந்திரி, நான் அமுத்தறேன். ஃபைலு எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்.

யுவஸ்ரீ: அமுத்து. ஒரு தடவ மட்டும்.

கௌசிக்: ...வருது! வருது பாரு அம்மிணி! அடங்கொக்கமக்கா... ரெண்டு நாளா என் உசுர வாங்குச்சு.

யுவஸ்ரீ: ஏண்ணா.

கௌசிக்: ம்?

யுவஸ்ரீ: எங்கிட்ட ஏதாச்சும் சொல்லோணுமா?

கௌசிக்: உங்கிட்டயா? என்ன சொல்றது?

யுவஸ்ரீ: எதையாச்சும். செட்டப் பத்தி. பேங்க்கப் பத்தி. ஏதாச்சும் சங்கடம் இருந்தா.

கௌசிக்: சங்கடம் என்ன... அதெல்லாம் ஒண்ணுமில்ல. நீ வந்ததே பெருசு. இந்தா, ஆறு பக்கம். அடியில அடியில கையெழுத்துப் போட்டுரு, சாப்பிட்டுட்டு வெயில் தாழக் கெளம்பலாம், நாளைக்கு நேரா ஆபீஸ்க்கு வந்துரு. அம்மா காத்தால போட்டுக்குவாங்க.

யுவஸ்ரீ: படிச்சுக் காட்டு.

கௌசிக்: என்னது?

யுவஸ்ரீ: படிச்சுக் காட்டுண்ணா. காத்தால இருந்து ஸ்கிரீனப் பாத்துக் கண்ணு எரியுது. அப்பா எந்தப் பேப்பரா இருந்தாலும் யாராச்சும் சத்தமாப் படிச்சுக் காட்டுனாத்தான் கையெழுத்துப் போடுவாரு. சொசைட்டி பேப்பரக் கூட அந்த செக்ரட்டரிய நிக்க வெச்சுப் படிக்கச் சொல்லுவாரு, ஞாபகமிருக்கா?

கௌசிக்: இருக்குது, ஆனா இது... எல்லாம் பத்திரத் தமிழு அம்மிணி. உனக்கும் புரியாது எனக்கும் புரியாது.

யுவஸ்ரீ: புரியற வரைக்கும் படி.

சௌந்திரம்: படி சாமி. அது கேக்குதில்ல?

கௌசிக்: சரி... “நாமக்கல் மாவட்டம்... மேற்படி கிராமத்தில் வசிக்கும், காலஞ்சென்ற சிவக்குமார் அவர்களின் மனைவி சௌந்திரம் ஒன்று, மகள் யுவஸ்ரீ இரண்டு...”

யுவஸ்ரீ: மகன்?

கௌசிக்: வாரேன், இரு. “மகன்... கௌசிக் மூன்று. ஆகிய மூவரும் சேர்ந்து... மனமொப்பி எழுதிக்கொண்டது என்னவென்றால்...”

யுவஸ்ரீ: ம்.

கௌசிக்: “என்னவென்றால்... மேற்படி சிவக்குமார் அவர்கள் தேடி வைத்த... கீழே கண்ட நாலு ஏக்கர் பூமியும், அதில் உள்ள கிணறும், மின் மோட்டாரும்...”

யுவஸ்ரீ: கெணறு கூட இருக்குதா? நல்லா எழுதியிருக்காரு.

கௌசிக்: இருக்குது. “...ஆகிய இவை அனைத்தும் மேற்படி வாரிசுகளான... மூவருக்கும்... சமமாகப் பாத்தியப்பட்டவை. ஆகையால்... மூவர் பேரிலும் பட்டா மாற்றித் தர... நாங்கள் மூவரும் சம்மதிக்கிறோம்.” அவ்வளவுதான்.

யுவஸ்ரீ: அவ்வளவுதானா? ஆறு பக்கம் இருக்குதே.

கௌசிக்: மீதியெல்லாம் சொத்து வெவரம். கிழக்க யாரு காடு, மேக்க யாரு காடு. நான்கு மால்.

சௌந்திரம்: கௌசிக்கு... நல்லாப் பாத்துப் படி சாமி. வேற ஏதாச்சும் எழுதியிருக்கும். பாத்துச் சொல்லு.

கௌசிக்: அதத்தான படிக்கறேன்! உங்களுக்குப் படிக்கத் தெரியுமா? தெரியாதில்ல? அப்பறம் என்ன? சும்மா இருங்க.

யுவஸ்ரீ: கத்தாதண்ணா. கடைசி வரி என்னன்னு மட்டும் படி. கையெழுத்துக்கு மேல இருக்குமில்ல, அது.

கௌசிக்: கடைசி வரியா... “இனி மேற்படி சொத்தில்... இனி மேற்படி சொத்தை... மூவரும்... சர்வ சுதந்திரமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.” இந்தா. போதுமா? போடு அம்மிணி. நேரமாகுது.

யுவஸ்ரீ: போட்டாச்சு.

கௌசிக்: எங்க? இது வெறுமனே இருக்குது.

யுவஸ்ரீ: இதுல இல்ல. நீ ஒம்பது தடவ அமுத்துனதுல எட்டத்தான் அழிச்சேன். ஒண்ணு நீ மோட்டார் நிறுத்தப் போனப்ப வந்துருச்சு. அம்மா, எடுங்க.

கௌசிக்: என்ன... என்னம்மா அது? மடியில என்ன வெச்சிருக்கீங்க?

யுவஸ்ரீ: “மேற்படி சொத்தில் எங்களுக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ இனி யாதொரு உரிமையும் பின்தொடர்ச்சியும் கிடையாது.” கடைசி வரி இதுதான். இதுக்குக் கீழதான் மொதக் கையெழுத்துப் போட்டேன். மீதி அஞ்சு பக்கத்துலயும் போட்டிருக்கேன். பாத்துக்க.

கௌசிக்: யுவா...

யுவஸ்ரீ: பாரு. எங்கையெழுத்துத்தான்.

கௌசிக்: நீ... படிச்சுட்டா போட்ட?

யுவஸ்ரீ: படிச்சுட்டுத்தான் போட்டேன்.

சௌந்திரம்: கேளுடான்னு சொன்னேன். அது இல்லைங்காதுடான்னு எத்தன தடவ சொன்னேன்...

கௌசிக்: பயந்துட்டேன் அம்மிணி. மாப்ள ஒரு வார்த்த சொல்லி, நீ முடியாதுன்னுட்டா... அப்பறம் எனக்கு என்ன இருக்குது? தப்புத்தான். கால்ல வேணும்னாலும் உழறேன். நீதான் போட்டுட்டியே... அதக் குடுங்கம்மா. நாளைக்கு டோக்கன் இருக்குது... குடுங்கம்மா.

யுவஸ்ரீ: எங்கிட்டக் குடுங்கம்மா. அண்ணா, இது, நீங்க மோட்டார நிறுத்திட்டு வந்ததும் நெசத்தச் சொல்லீருவீங்கன்னு நம்பிப் போட்ட கையெழுத்துங்கண்ணா. இத நானே கொண்டு போயிக் கிழிச்சுக்கறேன். இப்ப அம்மா முன்னாடி நிறுத்தி நிறுத்திப் படிச்சுக் காட்டுனீங்களே, மூணு பேருக்கும் சமமாப் பாத்தியம்னு, அத அப்பிடியே எழுதித் தரச் சொல்லுங்க காளியண்ணங்கிட்ட. நாளைக்குப் பத்தரைக்கு வந்து கையெழுத்துப் போடறேன்.